ஜப்பான் காக்கா கடையில் ஒலிபரப்பு

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். அரிசி மூட்டைமேல் எங்கள் கஃபீல், அதாவது கடை யார் பெயரில் இருக்கிறதோ அந்தக் குவைத்துக்காரர். அளவு டேப்புடன் ஒரு ஹைதராபாத் பாய். மீதிச் சில்லறைக்காக நின்ற ஒரு நேபாளி. ஃப்ரிட்ஜை ஒட்டி நான். கல்லாவுக்குப் பின்னால் ஜப்பான் காக்கா.

ஜப்பானைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு ஜப்பான் பக்கமே தலை வைத்துப் படுக்காத மனிதர் உலகத்தில் இன்னொருவர் இருக்க முடியாது. இதற்கு நான் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவேன். பத்திரம் இங்கிலீஷில் இருந்தால் மட்டும் யாரிடமாவது காட்டிவிட்டுப் போடுவேன். எட்டாவதோடு நின்றவன், எதில் மாட்டுவோமோ என்று பயம்தான்.

காக்காவுக்கு ஊர் கீழக்கரை. அந்தப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள். ஃபஹாஹீலில் ஒரு சந்துக்குள் மளிகைக் கடை நடத்தினார். நான் டெலிவரி. தண்ணீர் கேன், குபூஸ் ரொட்டி, முட்டை எல்லாம் மாடி மாடியாகத் தூக்கிப் போகிற வேலை.

ஜப்பான் அவருக்குள் புகுந்தது ஒரு இன்ஜினீயரால். பக்கத்து பில்டிங்கில் ஒரு ஜப்பான்காரர் இருந்தார். முட்டை வாங்க வந்தால் ஒவ்வொன்றையும் டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போகிறவர்கள் வேண்டாத சாமானைக் கடையில் விட்டுப் போவது இங்கே வழக்கம். அவரும் ஒரு ரைஸ் குக்கர், ஒரு குடை, செங்கல் கனத்தில் ஒரு புத்தகம் விட்டுப் போனார். குவைத்தில் குடை யாருக்கு வேண்டும்? குக்கரை நான் எடுத்துக்கொண்டேன். புத்தகம் காக்காவிடம் மாட்டியது. அல்லது காக்கா அதனிடம்.

ஜப்பானில் ஏதோ ஒரு ஊரில் ரேடியோவும் டி.வி.யும் நடத்துகிற கம்பெனி, தன் வரலாற்றைத் தானே அச்சடித்த புத்தகம் அது. அங்கே கம்பெனிகள் அப்படிச் செய்யுமாம். கம்பெனியின் பெயரைக் காக்கா காலையில் ஒரு மாதிரியும் மாலையில் ஒரு மாதிரியும் உச்சரிப்பார். எது சரி என்று தெரியாததால் நான் எழுதப்போவதில்லை. கேஸ் கீஸ் வந்தால் யார் பார்ப்பது?

காக்காவுக்கு ஜப்பான் பாஷையில் ஓர் எழுத்து தெரியாது. போன் கேமராவைப் பக்கத்தின்மேல் பிடிப்பார். அது தமிழில் எதையாவது காட்டும். "தலைவர் மழையில் கோபுரமாக நின்றார்" என்று வரும். அதை வைத்துக்கொண்டு அரை நாள் யோசிப்பார். பிறகு, "கொட்டுற மழையில நின்னு டவர் கட்டிருக்காருடா தலைவரு!" என்று கண் கலங்குவார்.

அப்புறம் கடை கடையாக இல்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே குரலை மாற்றி, "ஒலிபரப்பு ஆரம்பம். குபூஸ் வந்துவிட்டது. தக்காளி பற்றிய தகவல் சற்று நேரத்தில்" என்பார். வெங்காயம் கேட்டு வந்தவனுக்கு வெங்காயம் கிடைக்கும், ஆனால் அதற்கு முன்னால் அந்தக் கம்பெனிக்கு லைசென்ஸ் கிடைத்தாக வேண்டும்.

"காக்கா, ஒரு கிலோ வெங்காயம். சைட்டுக்குப் போற வண்டி நிக்குது."

"நிக்கட்டும். மொதல் ஸ்டூடியோ எங்க வச்சாங்க தெரியுமா?"

"வண்டி போயிரும் காக்கா!"

"ஜவுளிக்கடை மாடியில! கீழ ஒருத்தன் துணியக் கிழிக்கிற சத்தம், மேல செய்தி வாசிக்கிறவன் கொரலோட சேர்ந்து ஊரு பூரா போயிருச்சு!"

வண்டி போயிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு வியாழக்கிழமை கஃபீல் வந்தார். கூடவே ஹைதராபாத் பாய். அவருக்கு எங்கள் இடத்தில் மொபைல் கடை வைக்க ஆசை. கூடுதலாக வாடகை தருவதாகச் சொல்லியிருந்தார். வந்ததும் சுவரை அளக்க ஆரம்பித்துவிட்டார். கடை போனால் இக்காமா போகும், இக்காமா போனால் இந்த ஊரில் இருக்க முடியாது. காக்காவும் நானும் ஒரே விமானத்தில்.

காக்கா அவர்களைக் கவனிக்கவே இல்லை. வாடிக்கையாக வரும் நேபாளியிடம் பழைய ரேடியோ நாடகத்துக்கு எப்படிச் சத்தம் செய்தார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். பிரம்புத் தட்டில் காராமணியைக் கொட்டி, மெதுவாக ஒரு பக்கம் சாய்த்தார். பிறகு மறு பக்கம். கடைக்குள் அலை அடித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கடல் அலை.

கடை விஷயம் பேச வாயைத் திறந்த கஃபீல் திறந்தபடி நின்றார். அவர் பாட்டனார் காலத்தில் கப்பல் வைத்திருந்த குடும்பம். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். கண்ணை மூடினார்.

"இன்னொரு தடவை" என்றார்.

அவர் பேசியது அரபி. காக்கா பதில் சொன்னது அரபி, இந்தி, கை மூன்றிலும். எனக்குப் புரிந்ததை நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

"இது எங்க கத்துக்கிட்ட?"

"ஜப்பான்ல ஒரு கம்பெனி இருக்கு பாபா..."

அன்று கடையை மூடும் பேச்சே வரவில்லை. கதையில் கம்பெனிக்கு லைசென்ஸ் கிடைக்கும் இடத்தில் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. "மிச்சம் அடுத்த வியாழன்" என்று கஃபீல் எழுந்தார். ஹைதராபாத் பாய், "பாய், துக்கான் கா க்யா ஹுவா?" என்று, கடை என்ன ஆயிற்று எனக் கேட்டுக்கொண்டே பின்னால் ஓடினார்.

அதற்குப் பிறகு எல்லா வியாழனும் கஃபீல் வந்தார். கதை முடிந்ததும் கடை விஷயம் பேசலாம் என்பார். பாய் ஒவ்வொரு முறையும் சுவரை அளந்தார்; சுவர் மாறவில்லை. எனக்கோ தூக்கம் போனது. கதை தீர்ந்தால் நாங்களும் தீர்ந்தோம். காக்காவோ வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். ஒரே மாலையில் டி.வி. வந்து, அது கலராகவும் ஆகிவிட்டது.

"காக்கா, கொஞ்சம் மெதுவா. நடுவுல ஒரு பூகம்பம் சேத்துக்கங்களேன்."

"வரலாத்துல கைவைக்கச் சொல்றியா?"

"சின்னப் பூகம்பம் காக்கா. யாருக்கும் அடிபட வேணாம்."

"போடா, போய் தண்ணி கேனத் தூக்கு."

ரேடியோவைத் தனிக் கம்பெனியாகப் பிரித்த கட்டம் வந்தபோது கஃபீல் எழுந்தே நின்றுவிட்டார்.

"ரெண்டுல மூத்தது எது?"

"ரேடியோதான் பாபா."

"மூத்தவன வெளிய அனுப்பிட்டு இளையவன் வீட்டுல இருக்கானா? ஹராம்!"

அடுத்த வியாழன் அவர் வரவில்லை. ஜப்பான்மேல் அவ்வளவு கோபம். அதற்கடுத்த வாரம் வந்தவர் சலாம் சொன்ன கையோடு கேட்டார்:

"அவன் எப்படி இருக்கான்?"

"யாரு பாபா?"

"ரேடியோ."

"நல்லா இருக்கான். விடியக்காலம் லாரி ஓட்டுறவங்க எல்லாம் அவனத்தான் கேக்குறாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று மூட்டைமேல் உட்கார்ந்தார்.

இதற்கிடையில் நான் ஒரு வேலை செய்துவந்தேன். காக்கா எதுவரை படித்திருக்கிறார் என்பதற்குப் புத்தகத்தில் ஒரு பிஸ்கட் அட்டை வைத்திருப்பார். கடை சாத்தும்போது அதற்கு அந்தப் பக்கம் எவ்வளவு கனம் என்று விரலால் அளந்து பார்ப்பேன். ஆரம்பத்தில் மிச்சம் ரொம்பக் கொஞ்சமாக இருந்தது. ஆனால் ஆச்சரியம், வாராவாரம் மிச்சம் கூடிக்கொண்டே வந்தது! சரி, காக்கா என் பேச்சைக் கேட்டுப் பழசையே திருப்பிச் சொல்லி இழுக்கிறார் போல என்று நிம்மதியாகத் தூங்கினேன். என் வாழ்க்கையில் கவலைப்படாமல் இருந்தது அந்தக் கொஞ்ச நாள்தான்.

நான் முதலில் சொன்ன அந்த நாளில், காக்கா புதிய ஸ்டேஷன் கட்டடத்தைத் திறந்துவைத்தார். ரிப்பன் வெட்டினார். பிறகு, "கலாஸ் பாபா. இன்னைக்கு வரைக்கும் வந்தாச்சு" என்றார்.

"ஐயோ காக்கா! முழுப் புத்தகமும் அப்படியே மிச்சமிருக்கே!" என்று நான் கத்திவிட்டேன்.

"அது படிச்சு முடிச்ச பக்கம்டா மடையா. இது வலப்பக்கம் தொடங்குற புஸ்தகம்."

கஃபீல் ஆமாம் என்று தலையாட்டினார். அவருக்கும் காக்காவுக்கும் வலமிருந்து படித்துப் பழக்கம். பாயும் உருதுக்காரர். அந்தக் கடையில் இடமிருந்து படிக்கிறவர்கள் நானும் நேபாளியும்தான். நேபாளிக்குச் சில்லறைக் கவலை.

பாய் டேப்பை விரித்தார். கஃபீல் பெருமூச்சு விட்டு எழப்போனார். அப்போது கடைசியில் மீந்திருந்த மெல்லிய பக்கங்களைப் பார்த்து, "இது என்ன?" என்றார்.

"அது கத இல்ல பாபா. வேல பாத்தவங்க பேரு."

"மேனேஜருங்க பேரா?"

"எல்லார் பேரும். செய்தி வாசிச்சவரு, கேமரா புடிச்சவரு, கேன்டீன்ல டீ ஊத்துன அம்மா, வண்டி ஓட்டுனவரு."

"டிரைவர் பேரு கூடவா?"

கஃபீல் மறுபடி உட்கார்ந்தார். "படி" என்றார். காக்கா போனைப் பிடித்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஒவ்வொன்றுக்கும் கஃபீல், "யார் மகன்?" என்று கேட்டார்.

"அது போடல பாபா."

"அதப் போடாம அப்புறம் என்ன வரலாறு!"

கஃபீல் கடையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "என் கடையில வேல பாத்தவங்க பேரு யாருக்காவது தெரியுமா? எனக்கே தெரியாது" என்றார்.

காக்கா எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். ஷட்டர் தூக்கும்போது வரும் அந்தக் குரல் வந்தது.

"சுலைமான், காதர் மகன். கடையைத் திறந்தவர். அரிசியை முகர்ந்தே விலை சொல்வார். ஜபருல்லா, மீரான் மகன். கணக்கில் புலி, காலையில் எழுப்புவதுதான் கஷ்டம். செல்வராஜ், அந்தோணி மகன். ஒரு சைக்கிளைத் தொலைத்து இரண்டு சைக்கிளோடு வந்தவர்..."

நான் வருவதற்கு முன்பே போய்விட்டவர்கள் எல்லாம் வரிசையாகக் கடைக்குள் வந்தார்கள். கடைசியில்:

"முருகேசன், கருப்பையா மகன். பரமக்குடிப் பக்கம். லிஃப்ட் இல்லாத நாலு மாடிக்குத் தண்ணீர் கேன். எது நடந்தாலும் முன்கூட்டியே பயந்துவிடுவான். அதனால் மற்றவர்கள் பயப்பட வேண்டியதில்லை. கடைக்கு நாலு தினார் முந்நூறு ஃபில்ஸ் பாக்கி."

இந்த நாட்டில் என் அப்பா பெயரை ஏர்போர்ட்டைத் தவிர வேறெங்கும் நான் கேட்டதில்லை. ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கஃபீல் பாயைப் பார்த்து, "மாஃபி. இந்தக் கடை உனக்கு இப்ப இல்ல" என்றார். டேப் சர்ரென்று சுருண்டது. நேபாளி தன் பெயரையும் அப்பா பெயரையும் காக்காவிடம் சொல்லிவிட்டு, சில்லறை வாங்காமலே போனார்.

இப்போது நான் பக்கத்து நாட்டில், அல் கோபாரில் ஒரு ஹோட்டலில் ஸ்டோர் பார்க்கிறேன். காக்கா அடிக்கடி போன் பண்ணுவார். பாக்கியை அனுப்பிவிடட்டுமா என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். நானும் வற்புறுத்துவதில்லை. கணக்குத் தீர்ந்தால் என் பெயரை எடுத்துவிடுவாரோ என்று உள்ளுக்குள் ஒரு பயம். இன்றைய தேதிவரை, நாலு தினார் முந்நூறு ஃபில்ஸ்.