படகுக்கு பிரேக் கிடையாது

மூக்குக்கண்ணாடிக்கடைக்காரர் அன்று காலை பல் தேய்த்துக்கொண்டே ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். இனிமேல் வாரத்துக்கு ஒரு நாளாவது, ஏதாவது ஒரு வண்டியை, தன் இஷ்டத்துக்கு ஓட்டியே தீருவது. யார் தடுத்தாலும் சரி! 'யார்' என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டாரே தவிர, உலகத்தில் அவரைத் தடுக்கக்கூடிய ஆள் ஒரே ஒருத்தர்தான், அவர் மனைவி. அந்த அம்மாள் அப்போது குளியலறைக் கதவைத் தட்டி, "குழாயை மூடிட்டுத் தேய்ங்க!" என்றார். மூடினார்.

அந்த அம்மாளை ஊரே 'மேடம்' என்றுதான் கூப்பிடும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். அந்தப் பள்ளி வண்டியில் பக்கத்து ஸீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவன் தடுமாறினால் மேடத்தின் கால் ஒரு மிதி மிதிக்கும், வண்டி கப்பென்று நிற்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கால் வீட்டுக்கு வந்தும் ஓய்வெடுப்பதில்லையே, அதற்கு என்ன சொல்ல?

சொந்தக் காரில் பக்கத்து ஸீட்டில் பிரேக் கிடையாது. இருந்தாலும் மிதிப்பார். மிதித்து மிதித்து அந்த இடத்தில் மேட் ஓட்டையாகி, தகரம் பல்லை இளித்தது. கால் வேலை செய்யும்போது வாய் மட்டும் சும்மா இருக்குமா?

"கண்ணாடியப் பாருங்க. இண்டிகேட்டர் போடுங்க. கியர், கியர்! அந்த நாய் குறுக்க வரும்."

"வராது."

"வரும்."

வந்தது. அதுதான் கண்ணாடிக்காரருக்குத் தாங்கவில்லை. மனுஷி ஒரு தடவையாவது தப்பாகச் சொன்னால் ஒரு சண்டையாவது போடலாம். அதற்கும் வழியில்லை.

இந்த நிலைமையில்தான் எதிர்வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாலு பேர் சேர்ந்து நின்றால் அதை ஒரு கமிட்டியாக்காமல் விடமாட்டார். மாடிப்படி விளக்குக்கு ஒரு கமிட்டி, புறாத் தொல்லைக்கு ஒரு கமிட்டி. அதனால் அவர் பெயரே 'கமிட்டி' என்று நிலைத்துவிட்டது. இப்போது குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்காக ஒரு படகுக் கமிட்டி ஆரம்பித்திருந்தார்.

"படகா? எனக்கெதுக்கு சார் படகு? நிறுத்த எடம் வேணும், பெயிண்ட் அடிக்கணும், பாசி சுரண்டணும்..."

"அதெல்லாம் போன தலைமுறை சார்! அவனவன் ஆசைப்பட்டு ஒரு படகை வாங்குவான். ஒரு நாள் ஓட்டுவான். அப்புறம் வருஷம் பூரா தார்ப்பாய் போட்டு மூடி வச்சுட்டு, அது எப்படி இருக்கோன்னு கவலைப்பட்டே கெழவனாயிடுவான். இனிமே சொந்தப் படகுங்கற பேச்சே கெடையாது. பங்குப் படகுதான். எட்டு வீட்டுக்கு ஒண்ணு. போன்ல ஒரு தட்டு தட்டுனா உங்க முறை. பேட்டரியில ஓடும். சத்தம் இல்ல, புகை இல்ல."

"பிரேக்?"

"என்னது?"

"பிரேக் இருக்கான்னு கேட்டேன்."

"படகுக்கு எங்க சார் பிரேக்? விட்டா அதுபாட்டுக்குப் போயிட்டே இருக்கும்."

கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு இன்னொரு சமாசாரமும் இருந்தது. மேடத்துக்குத் தண்ணீர் என்றால் பயம். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் ஒரு ஏரிக்குப் போயிருந்தார்கள். வாடகைப் படகு. புது மாப்பிள்ளை ஜோரில் இவர்தான் துடுப்புப் போட்டார். கொஞ்ச நேரத்திலேயே அந்த அம்மாள் முகம் வெளிறி, "என்னைக் கரையில விடுங்க. இனிமே உசிரே போனாலும் ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஏரி, குளம் என்று யார் பேச்செடுத்தாலும் இவர் முந்திக்கொண்டு, "அவளுக்குத் தண்ணி ஆகாதுங்க" என்பார். மேடமும் மறுத்ததில்லை.

பிரேக் இல்லாத வண்டி. மேடம் ஏறாத வண்டி. ஞாயிற்றுக்கிழமை காலை. தன்னந்தனியாக நடு ஏரியில் ஒரு மனிதன். வாயைத் திறந்து 'பாத்து, பாத்து' என்று சொல்ல ஒரு ஈ காக்கை கிடையாது! அடடா, அடடா! நினைக்க நினைக்க அவருக்கு வயிற்றுக்குள் குளுகுளு என்றிருந்தது.

மேடத்தின் சம்மதம் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு துடைப்பம்கூட உள்ளே வராது. அதனால் படகின் எதிர்காலம் பற்றி ஒரு பேச்சுத் தயார் செய்தார். கடையில் கண் சோதிக்க உட்கார்ந்தவர்களிடமெல்லாம் ஒத்திகை நடந்தது.

"மேல் வரி தெரியுதா?"

"தெரியுது."

"இனிமே எதிர்காலமே தண்ணி மேலதான். தெரியுதா?"

"மங்கலாத் தெரியுது சார்."

அன்று சாயங்காலம் மேடம் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது பேச்சை அரங்கேற்றினார்.

"வருங்காலத்துல யாரும் படகு சொந்தமா வச்சுக்க மாட்டாங்க, தெரியுமா?"

"இப்ப மட்டும் யாரு வச்சிருக்கா?"

"இப்ப வசதியானவன் மட்டும் வச்சிருக்கான்மா. இனிமே டெய்லரு, கம்பவுண்டரு எல்லாருக்கும் ஆளுக்கொரு பங்கு. தெருவுல ஆட்டோ மாதிரி ஏரியில படகு ஓடும்."

"அத்தனை பேருக்கும் ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது. கத்துக்குவாங்க."

"யாரு கத்துக் குடுப்பா?"

"அதுக்குன்னு ஆளுங்க வருவாங்க. ரோட்டுக்கு டிரைவிங் ஸ்கூல் மாதிரி தண்ணிக்கும் ஸ்கூல் வந்துடும். பெரிய தொழிலாயிடும் பாரு."

துண்டை மடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. கொஞ்சம் விவரமுள்ள ஆளாக இருந்தால் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு எழுந்து போயிருப்பார். நம்ம ஆள்தான் விவரத்தைக் கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வருகிறவராச்சே! பேச்சு வேலை செய்கிறது என்று நினைத்து, இன்னும் ஒரு படி மேலே போனார்.

"அதுவும் சும்மா இல்ல. கண்டிப்பா, கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு பாத்துக்கற ஆளுங்களுக்குத்தான் அதுல எதிர்காலம்."

"ம்ம்" என்றார் மேடம்.

கல்யாணமானவர்களுக்குத் தெரியும், இந்த 'ம்ம்'மில் பல ரகம் உண்டு என்று. சரி என்கிற 'ம்ம்', பார்க்கலாம் என்கிற 'ம்ம்', வீட்டுக்கு வாங்க பேசிக்கிறேன் என்கிற 'ம்ம்'. இது எதிலும் சேரவில்லை. புது ரகம்.

"சேந்துக்கோங்க" என்றார் மேடம்.

"நெஜமாவா? உன்னையும் கூட்டிட்டுப் போகலாம். ஆனா உனக்குத்தான் தண்ணி ஆகாதே, பாவம்."

"ஆமாமா. நீங்க போயிட்டு வாங்க."

மறுநாளே கேப்டன் தொப்பி ஒன்று வாங்கிவிட்டார். கடையில் அதைப் போட்டுக்கொண்டே கண் சோதித்தார். "கப்பல்ல வேலை கெடைச்சிருச்சா சார்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் தள்ளுபடி கொடுத்தார்.

படகு வந்து சேரச் சில வாரங்கள் ஆயின. அந்த வாரங்களில் மேடம் சாயங்காலம் தாமதமாக வந்தார். முகம் வெயிலில் கறுத்திருந்தது. ஒரு நாள் செருப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என்னம்மா செருப்பெல்லாம் ஈரம்?"

"ஈர ரோட்டுல பிரேக் போடப் பழக்குனேன் பசங்களுக்கு."

"பாவம், உனக்குத்தான் எவ்வளவு கஷ்டம்!"

இன்னொரு நாள் சாப்பிடும்போது, "ஏங்க, பக்கவாட்டுல காத்தடிச்சா படகு எந்தப் பக்கம் இழுக்கும்?" என்று கேட்டார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. கட்டின மனைவி தன்னிடம் சந்தேகம் கேட்கிறாள்! கரண்டியைப் படகாக்கி, தட்டை ஏரியாக்கி அரை மணி நேரம் விளக்கினார். அத்தனையும் தப்பு. மேடம் "ஓஹோ" என்று கேட்டுக்கொண்டார். ஊரார் கண்ணில் இருக்கிற கோளாறையெல்லாம் கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு, சொந்த வீட்டில் நடப்பது துளிகூடத் தெரியவில்லை பாருங்கள்.

படகு வந்தது. கமிட்டி ஒரு விதியும் கொண்டுவந்தார்.

"ஒரு சின்ன விஷயம் சார். நம்ம ட்ரெயினர் பாஸ் போட்டாத்தான் தனியா ஓட்டலாம். அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை ட்ரெயினரோட ஓட்டணும்."

"ட்ரெயினரா? எப்படி, கண்டிப்பான ஆளா?"

"ரொம்பத் தங்கமானவங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கமிட்டி அவசரமாகப் படியிறங்கிவிட்டார்.

கண்ணாடிக்காரர் கவலைப்படவில்லை. கடையிலிருந்து நல்ல கூலிங் கிளாஸ் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். கொடுக்கிற விதத்தில் கொடுத்தால் மயங்காத வாத்தியார் உண்டா என்ன?

ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்குப் புது வண்டி வருகிறது என்று மேடம் முன்னதாகவே கிளம்பிப் போயிருந்தார். இவர் தொப்பியைச் சரித்து வைத்துக்கொண்டு விசிலடித்தபடி ஏரிக்கரைக்குப் போனார். பலகைத் துறையில் வெள்ளைப் படகு. சார்ஜ் ஏற்றும் வயர் தொங்கிக்கொண்டிருந்தது. படகில் பங்கு சேர்ந்த டெய்லர் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்தார். லைஃப் ஜாக்கெட் போட்ட ட்ரெயினர் இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"கயித்த அவுக்காம எங்க கெளம்பிட்டீங்க? துறையையும் சேத்து இழுத்துட்டுப் போகவா?"

கண்ணாடிக்காரர் விசிலை நிறுத்தினார். அந்தக் குரலைக் குளியலறைக்குள்ளிருந்து கேட்டிருக்கிறார், தலையணைக்கு அடியில் காதை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். ஏரியில் கேட்டதில்லை.

"ஏம்மா... நீயா?"

மேடம் திரும்பினார். "இங்க மேடம்னு கூப்பிடுங்க. நாலு பேர் பாக்கறாங்க."

"உனக்குத் தண்ணின்னா பயமாச்சே!"

"யாரு சொன்னா?"

"நீதான! உசிரே போனாலும் ஏறமாட்டேன்னு சொன்னியே!"

"நீங்க ஓட்டுனா ஏறமாட்டேன்னு சொன்னேன். தண்ணி பாவம், அது என்னங்க பண்ணுச்சு? வட்டம் வட்டமாச் சுத்துனது நீங்கதான?"

டெய்லர் இருமுவது போல் சிரித்தார். அதற்குள் கமிட்டி ஓடி வந்தார்.

"எல்லாம் உங்க யோசனைதானாமே சார்! 'இதுலதான் எதிர்காலம்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு'ன்னு மேடம் வந்து நின்னாங்க. நீச்சலு, பரீட்சை, படகு ஓட்டம், எல்லாத்துலயும் முதல் ஆளு. ட்ரெயினர் வேலைக்குக் கூடப் போட்டி போட்ட மீனவரே அசந்துட்டாரு."

கண்ணாடிக்காரர் பையிலிருந்த கூலிங் கிளாஸை எடுத்து நீட்டினார். வேறு என்ன செய்வது? மேடம் அதை வாங்கி மாட்டிக்கொண்டு, "நல்லாருக்கு. உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்து படகைக் கிளப்பினார். போகட்டும், பிரேக்தான் இல்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஓரக்கண்ணால் கீழே பார்த்தார். மேடத்தின் காலடியில் பளபளவென்று ஒரு மிதி.

"அது... அது என்ன?"

"நான் கேட்டேன், மாட்டிக் குடுத்தாங்க. மிதிச்சா மோட்டார் பின்பக்கமாச் சுத்தும். படகு நின்னுடும்" என்று சொல்லி ஒரு மிதி மிதித்துக் காட்டினார். நின்றது. தொப்பி மட்டும் நிற்காமல் தண்ணீருக்குள் போய்விட்டது.

அப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமைகளை என்னவென்று சொல்வது!

"கண்ணாடியப் பாருங்க."

"படகுல ஏதும்மா கண்ணாடி?"

"மாட்டச் சொல்லியிருக்கேன். அந்த வாத்து குறுக்க வரும்."

"ஏரி இத்தனை பெருசா இருக்கு. அது எதுக்குக் குறுக்க வரணும்?"

"வரும்."

குடும்பத்தோடு வந்தது.

ஆனாலும் மனிதர் விடவில்லை. ஒரே ஒரு பாஸ். அதை மட்டும் வாங்கிவிட்டால் நடு ஏரி, தனிமை, சுதந்திரம்! கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் கண்ணாடி ஃபிரேமை ஸ்டியரிங்காகப் பிடித்துப் பழகினார். டெய்லர் பாஸாகிவிட்டார். கம்பவுண்டர் பாஸ். துறையிலேயே இரண்டு தடவை இடித்த கமிட்டிகூடப் பாஸ். கடைசியில் மிஞ்சியது இவர் ஒருத்தர்தான். வைராக்கியம் வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஓட்டினாரே, அதை ஓட்டம் என்று சொல்ல வேண்டும்! காற்றைப் பார்த்து வளைத்தார். வாத்துக்கு வழி விட்டார். எதிரே வந்த மீன்படகுக்கு ஒதுங்கினார். துறைக்கு வந்து அணைத்தபோது, பலகையில் முட்டை வைத்திருந்தாலும் உடைந்திருக்காது. கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். மேடத்தின் கால் அன்று மிதியைத் தொடவே இல்லை.

"நல்லா ஓட்டுனீங்க" என்றார் மேடம்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

"அப்போ... பாஸா?"

"ஃபெயில்."

"என்னம்மா இது அநியாயம்! எதுல தப்புப் பண்ணேன்?"

"ஒரு தப்பும் இல்ல."

"பின்ன?"

மேடம் கூலிங் கிளாஸைக் கழற்றினார். கரையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், கடைசியாகப் புருஷனைப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது.

"பாஸ் போட்டுட்டா நீங்க பாட்டுக்குத் தனியாப் போயிடுவீங்க. அப்புறம் எனக்கு யாரு இருக்கா, சொல்லுங்க?"

கண்ணாடிக்காரர் அப்படியே உருகிப்போனார். சே, இந்தப் பாசத்தையா பாரம் என்று நினைத்தோம்? சுதந்திரமாவது மண்ணாவது! "இதுக்குப் போயி மனசக் கஷ்டப்படுத்திக்குவியா? நான் எங்கயும் போகலம்மா. எனக்குப் பாஸே வேண்டாம்!" என்று கரையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சத்தியம் செய்தார்.

மேடம் முகம் மலர, காலியாக இருந்த வாளியையும் பிரஷையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார். "அப்பாடா! கத்துக்கறவங்கதான் படகு கழுவணும்னு கமிட்டியில ரூல். நீங்களும் பாஸாயிட்டா, யாருங்க கழுவறது?"