பக்க எண் போட்ட மொட்டைக் கடிதம்

"இதை நீங்கதான் விசாரிக்கணும்" என்று சொல்லி, மேலாளர் ஒரு கடிதத்தை மேசையின் இந்தப் பக்கம் தள்ளினார்.

பதிவறை எழுத்தர் குனிந்து பார்த்தார். அவரே எழுதிய கடிதம். நேற்று முன்தினம் சமையலறையில் உட்கார்ந்து, இடது கையால், நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதியது.

"மொட்டைக் கடுதாசி" என்றார் மேலாளர். "நம்ம குழாய்ப் பிரிவு ஆளு மேல. ஆபீஸ் நேரத்துல தூங்குறாராம். வேண்டப்பட்டவங்களுக்கு வரிசையைத் தாண்டித் தண்ணி இணைப்பு குடுக்குறாராம். அவர் தெருவுக்கு மட்டும் தண்ணி லாரி ரெண்டு நடை போகுதாம். எவனுக்கோ நல்ல வயித்தெரிச்சல்."

"யாரா இருக்கும் சார்?"

"எவனோ ஒழுங்கான ஆளு. பாருங்க, பக்க எண் போட்டிருக்கான். மூலையில ஓட்டை போட்டு நூல் வேற கோத்திருக்கான்."

எழுத்தர் அந்த நூலைக் கட்டைவிரலால் மறைத்தார். கைக்கு வரும் தாளுக்கெல்லாம் சிவப்பு மையில் எண் போட்டு, மூலையில் துளையிட்டு, நூல் கோத்து அடுக்குவதுதான் இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை. பெயர் போடக் கூடாது என்று புத்திக்குத் தெரிந்திருந்தது. நூல் கோக்கக் கூடாது என்று கைக்கு யாரும் சொல்லவில்லை.

"நான் எதுக்கு சார்? சங்கத் தேர்தல்ல அவருக்கு எதிரா நிக்கிற ஆளு நான்."

"அதனாலதான். எதிரா நிக்கிறவரே விசாரிச்சு நல்லவர்னு சொல்லிட்டா அப்புறம் எவனும் வாயைத் திறக்க மாட்டான்."

"கெட்டவர்னு தெரிஞ்சா?"

"சாட்சியோட வாங்க. சாட்சி இல்லாம சொன்னீங்கன்னா, அந்தக் கடுதாசியே நீங்க எழுதினதுன்னு நாலு பேரு பேசுவாங்க." மேலாளர் சிரித்தார். எழுத்தரும் சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் அவர் வாய் மூடவில்லை.

அந்தத் தண்ணீர் வாரிய அலுவலகத்தில் ஊழியர் சங்கத் தலைவருக்கு ஓர் அறை உண்டு. அறைக்கு ஒரு ஜன்னல், கதவில் பெயர்ப்பலகை. பதிவறைக்கு ஜன்னல் கிடையாது. காகிதத்துக்கு வெளிச்சம் ஆகாது என்று விதி. காகிதத்தோடு இருப்பவரைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. அந்த ஜன்னல் அறையில் மூன்று தேர்தலாக உட்கார்ந்திருப்பவர்தான் குழாய்ப் பிரிவுக்காரர். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், சாவு வீடாக இருந்தாலும், முதல் நாற்காலியில் உட்காருவார் என்பதால் அவருக்கு முன்வரிசை என்று பெயர்.

இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தேர்வில் எழுத்தருக்கு மூன்று மதிப்பெண் அதிகம். அந்த மூன்றைப் பற்றி இன்றுவரை யாரும் விசாரித்ததில்லை. பெரிய குழாய் வெடித்ததைச் சரிசெய்த அன்று எடுத்த படம் பேப்பரில் வந்தது. நடுவில் முன்வரிசை. ஓரத்தில் எழுத்தரின் முழங்கை. அவர் மனைவி அதை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தார். "முழங்கை நல்லா விழுந்திருக்குங்க" என்பார், கிண்டலா உண்மையா என்று தெரியாத குரலில்.

முதலில் முன்வரிசையையே விசாரித்துவிடலாம் என்று எழுத்தர் அவர் அறைக்குப் போனார். கதவைச் சாத்தப் பார்த்தார்.

"திறந்தே இருக்கட்டும். நமக்குள்ள என்ன ஒளிவுமறைவு? ஒரே நாள் சேர்ந்தவங்க" என்றார் முன்வரிசை.

"வேலை நேரத்துல தூங்குறதா ஒரு புகார்..."

"தூங்குறேன்" என்றார் முன்வரிசை, தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி. "மத்தியானம் பத்து நிமிஷம். எழுதிக்கோங்க."

"ஒத்துக்கிட்டா நடவடிக்கை வருமே?"

"வரட்டும். பொய் சொல்லிப் பதவில உக்காந்திருக்க எனக்குத் தெரியாது."

சாப்பாட்டு நேரத்துக்குள் அந்த வாக்கியம் மூன்று மாடிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. மத்தியானத்தில் ஒரு மணி நேரம் தூங்குகிறவர்கள்கூட, இப்படி ஒரு நேர்மையா என்று உருகினார்கள்.

இரண்டாவது குற்றச்சாட்டில் எழுத்தருக்கு நம்பிக்கை அதிகம். அது மனைவியின் யோசனை. ஊர்ப்பேச்சு அவருக்குத்தான் முதலில் வரும். வரிசையைத் தாண்டி இணைப்பு வாங்கியது ஒரு தையற்காரி. குறுக்குச் சந்தின் கடைசி வீடு. வாசலிலேயே தையல் இயந்திரம்.

"உங்களுக்கு இணைப்பு முறைப்படி வரிசையில வந்ததா?"

"இல்லையே" என்றாள் அவள், மிதிப்பதை நிறுத்தாமல். "எனக்கு முன்னாடி முப்பது பேரு இருந்தாங்க."

எழுத்தருக்கு முகம் மலர்ந்தது. "அப்போ வரிசையைத் தாண்டினது உண்மை."

"உண்மைதான். எழுதுங்க. என் வீட்டுக்காரருக்கு ரெண்டு காலும் வராது, தெருக்குழாய்க்கு அவர் எப்படிப் போவாருன்னும் எழுதுங்க. லீவு நாள்ல அந்த மனுசனே வந்து மண்ணு தோண்டினாருன்னும் எழுதுங்க." இயந்திரம் நின்றது. "ஆமா, எந்தப் படுபாவி இதைப் புகார்னு எழுதினது?"

"அது தெரியலம்மா. பேரு போடல."

"போட மாட்டான். அவன் வீட்டுல குழாய்ல காத்துதான் வரணும்."

அவள் சுவருக்கு மேல் எட்டிப் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டாள். பக்கத்து வீடு எதிர் வீட்டைக் கூப்பிட்டது. அரை மணி நேரத்தில் முன்வரிசைக்கு ஆதரவாக நாற்பத்து மூன்று கையெழுத்தோடு ஒரு மனு தயாரானது. அங்கேயே நின்றிருந்த தண்ணீர் லாரிக்காரரும் போட்டார். முன்வரிசையின் தெருவுக்குப் போகும் இரண்டாவது நடை அங்கே இருக்கும் ஆஸ்பத்திரிக்காம். ஐந்து தாள். யோசிக்கும் முன்பே எழுத்தரின் கை அவற்றுக்கு எண் போட்டு, தையற்காரியிடமே ஊசி நூல் வாங்கிக் கோத்து முடித்திருந்தது.

"இவர் நல்ல மனுசனா இருக்காரு" என்றாள் தையற்காரி. "தலைவரோட ஆளு போல."

அறிக்கையில்தான் இனி ஏதாவது செய்ய முடியும். எழுத்தர் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். 'குற்றச்சாட்டுகளில் குற்றம் என்று ஒன்றும் இல்லை. எனினும்...' என்று ஒவ்வொரு பத்தியும் முடிந்தது.

மேலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆறு எனினும் இருக்கு. எனினுமுக்கு அப்புறம் என்ன?"

"அதை... படிக்கிறவங்களே யோசிச்சுக்கட்டும்னு."

"படிக்கிறவங்க யோசிக்கிறதா இருந்தா நமக்கு எதுக்குங்க ஆபீஸ்?" ஆறு எனினுமையும் அடித்தார். கடைசியில், 'இவர் எந்தக் களங்கமும் அற்றவர்' என்று தானே ஒரு வரி சேர்த்தார். "கீழ கையெழுத்துப் போடுங்க."

எழுத்தர் போட்டார். மறுநாள் எல்லாப் பிரிவு அறிவிப்புப் பலகையிலும் அது தொங்கியது. முன்வரிசையின் களங்கமின்மைக்குக் கீழே எழுத்தரின் பெயர், பதவி, தேதி.

தேநீர் இடைவேளையில் பம்பு ஆபரேட்டர் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எழுத்தருக்கு ஓட்டுப் போடுவதாகச் சொல்லியிருந்தவர்.

"தப்பா நினைக்காதீங்க சார். ஒன்னு கேக்கணும். உங்க மேல ஏன் ஒரு மொட்டைக் கடுதாசிகூட வந்ததில்ல?"

"நான் தப்பு எதுவும் செஞ்சதில்லையே."

"தலைவரும்தான் செஞ்சதில்ல. நீங்களே சொல்லிட்டீங்க. ஆனா அவர் மேல வந்திருக்கே. அப்போ அவரைக் கண்டு யாரோ பயப்படுறாங்க. உங்களைக் கண்டு யாராவது பயந்திருக்காங்களா?"

எழுத்தர் யோசித்துப் பார்த்தார். பதிவறையில் கரப்பான்பூச்சிகள்கூட அவரைப் பார்த்து ஓடுவதில்லை.

அன்று வீட்டில் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

"இப்படி உக்காந்திருந்தா ஜன்னல் ரூம் நடந்து வராதுங்க" என்றார் மனைவி. "தேர்தல் கூட்டத்துல நீங்களே அவரைப் புகழ்ந்து பேசுங்க. போட்டியாளரைப் புகழுற பெரிய மனுசன்னு சனம் உங்க பக்கம் சாயும்."

"உன் பேச்சைக் கேட்டுத்தான் அந்த ரெண்டாவது குற்றச்சாட்டு."

"யோசனை நல்லதுதான். விசாரிச்ச ஆளு சரியில்ல."

வேறு வழி தெரியவில்லை. தேர்தல் அன்று காலை, கூட்ட அறையில் இருநூற்றுச் சொச்சம் பேர் முன்னால் எழுத்தர் எழுந்து நின்றார். முன்வரிசை முதல் நாற்காலியில் இருந்தார். ஆரம்பிக்கும்போது நடிப்பாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் இருபத்திரண்டு வருடமாக ஒரு மனிதனையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அவனைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. எந்த மழையில் எந்தத் தெருவில் இறங்கினார், யார் பிள்ளையின் வேலைக்காக அலைந்தார், எந்தச் சட்டை போட்டிருந்தார் என்பதுவரை வந்தது. பொறாமைக்கு இருக்கும் ஞாபகசக்தி நட்புக்குக் கிடையாது. பின்வரிசையில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

முன்வரிசை எழுந்து வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். பிறகு ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

"இப்படிப்பட்ட மனுசனுக்கு எதிரா நான் எப்படி எனக்கே ஓட்டுப் போட்டுக்குவேன்? என் ஓட்டு இவருக்குத்தான்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

மத்தியானமே முடிவு வந்துவிட்டது. முன்வரிசைக்கு இருநூற்றுப் பதினாறு. எழுத்தருக்கு இரண்டு. ஒன்று அவருடையது. இன்னொன்று முன்வரிசை சொன்னபடியே போட்டது. பம்பு ஆபரேட்டர் எதிரே வந்து, "என்ன பேச்சு சார், நீங்க பேசினதைக் கேட்டப்புறம் அவருக்குப் போடாம இருக்க முடியல" என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

புதிய தலைவர், அதாவது பழைய தலைவர், முதல் உத்தரவாக எழுத்தரைச் சங்கத்தின் நிரந்தர விசாரணைச் செயலாளராக நியமித்தார். அதற்கு அறை கிடையாது. பதிவறையிலேயே இருந்துகொள்ளலாம்.

எல்லோரும் கலைந்த பிறகு எழுத்தர் மட்டும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அலுவலகத்துக்கு வரும் தபாலைப் பிரித்து மேசை மேசையாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் அம்மாள் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டு வந்தார். இவர் நாற்காலி வந்ததும் நின்றார்.

"எழுந்திரிங்க சார். இதையும் மடக்கணும்."

எழுத்தர் எழுந்தார். "இருபத்திரண்டு வருசம்மா. ஒரு தடவை, ஒரே ஒரு விசயத்துல அந்த ஆளை ஜெயிச்சிருந்தா போதும். நிம்மதியா செத்துருவேன்."

அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தார். நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்தார்.

"ஜெயிச்சுட்டீங்களே சார். ஒவ்வொரு தேர்தலுக்கும் தன் மேல மொட்டைக் கடுதாசியை அவரேதான் எழுதித் தபால்ல போடுவாரு. இந்தத் தடவை ரெண்டு வந்துச்சேன்னு கொண்டுபோய்க் காட்டினேன், ரெண்டையும் படிச்சுப் பாத்துட்டு, 'ரெக்கார்டு ரூம்காரரு என்னைவிட நல்லா எழுதியிருக்காரு, அதையே மேலாளர்கிட்ட குடு'ன்னு தன்னோடதைக் கிழிச்சுப் போட்டுட்டாரு."