ஆகாய ராணியும் ஐந்து பங்குக் கிணறும்

கள்ளக்குறிச்சியில் உள்ள ஒரு வங்கிக் கிளைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளரும் தத்தம் தேவைக்கேற்ற கிரெடிட் கார்டைத் தேர்ந்தெடுக்கக் கிளைகள் உதவ வேண்டும் என்பது அதன் சாரம். கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது: "தேவையே இல்லாத வாடிக்கையாளர் என்று எவரும் இல்லை. கண்டறியப்படாத தேவைகளே உள்ளன."

மேலாளர் தெய்வசிகாமணிக்கு அந்த வரி மிகவும் பிடித்துப்போனது. உடனே நகைக்கடன் கவுண்டரில் ஒரு பலகை தொங்கவிட்டார். 'தேவை கண்டறியும் மாதம். கார்டு தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே நகைக்கடன்.' ஒருவருடைய தேவை என்னவென்று தெரியாமல் அவருக்கு உதவிவிடுவது எவ்வளவு பெரிய தவறு!

அந்த மாதமாகப் பார்த்துத்தான் பாப்பாத்தியின் கிணற்று மோட்டாரில் காயில் கருகியது.

கல்வராயன் மலையடிவாரத்தில் அவளுக்கு முக்கால் ஏக்கர் மரவள்ளி. ஐந்து பங்குக் கிணற்றில் ஒரு பங்கு. ஆளுக்கொரு மோட்டார், ஆளுக்கொரு முறை. பாப்பாத்தியின் முறை சனிக்கிழமை. அன்றைக்கு இறைக்காவிட்டால் கிணறு அடுத்தவருக்குப் போய்விடும். அப்புறம் அடுத்த சனிக்கிழமைதான். செத்தாலும் பிழைத்தாலும் முறை மாறாது. ஒரு முறை ஏற்கெனவே தவறிவிட்டது. இலை தொங்க ஆரம்பித்திருந்தது. இன்னொன்று தவறினால் கிழங்கு விறகுக்குக்கூட ஆகாது.

மோட்டாரை டவுன் பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, சின்னதுரையின் காயில் கட்டும் கடையில் போட்டுவிட்டு, காதிலிருந்த கம்மலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு வங்கிக்கு வந்தாள்.

"உட்காருங்கம்மா," என்றான் தனசேகரன். தேவை கண்டறிவதற்கென்றே புதிதாக வந்திருந்த இளைஞன். மடியில் தொடுதிரை டேப் ஒன்று வைத்திருந்தான். "உங்க வாழ்க்கை முறையைப் பத்திக் கொஞ்சம் கேக்கணும்."

"மோட்டாரு காயில் போயிடுச்சு சார். அதான் என் வாழ்க்கை முறை."

"வருஷத்துக்கு எத்தனை தடவை விமானத்துல போவீங்க?"

பாப்பாத்தி திரும்பிப் பார்த்தாள். பின்னால் வேறு யாரும் இல்லை. "நான் இன்னாத்துக்கு சார் விமானத்துல போறேன்? இந்தா இருக்குற கள்ளக்குறிச்சிக்கே ஓசி பஸ்ல வந்துக்கினு இருக்கேன்."

"அந்த மாதிரி பதில் இதுல இல்லம்மா. ஒண்ணுலேர்ந்து அஞ்சு, ஆறுலேர்ந்து பத்து, பத்துக்கு மேல. மூணு கட்டம்தான்."

"போனதே இல்லன்னு போடுங்க."

"அதுக்குக் கட்டம் இல்ல. கட்டத்தை நிரப்பாம அடுத்த கேள்விக்குப் போக விடாது."

அரசாங்க ஆபீசோ, பேங்கோ, தெரியாத இடத்தில் எதைக் கேட்டாலும் கம்மியாகச் சொல்லிவிடுவதுதான் நல்லது என்பது பாப்பாத்தியின் அனுபவம். "அப்போ இருக்கறதுலயே கம்மியாப் போடுங்க சார்."

"வெளியில சாப்பிடறது உண்டா?"

"தெனமும்."

"தினமுமா?"

"காட்டுலதான் சார் சாப்பாடு. உச்சி வெயில்ல வூட்டுக்குப் போயி வந்துக்கினு இருந்தா வேலை இன்னா ஆவறது?"

தினமும் என்று குறித்துக்கொண்டான். "கோல்ஃப் ஆடுவீங்களா?"

"அது இன்னா?"

"பெரிய புல்வெளிம்மா. ஒரு பந்தை மட்டையால அடிச்சுத் தள்ளிக்கிட்டே பின்னாடி நடக்கறது."

"கூட மாடு வருமா?"

"வராது."

"அவ்ளோ புல்லும் வீணா?"

டேப் சிறிது நேரம் யோசித்தது. பிறகு வண்ணக் காகிதங்கள் பறப்பதுபோல் திரையில் காட்டி, பாப்பாத்தியின் தேவையைக் கண்டறிந்து அறிவித்தது. அவளுக்குத் தேவை 'ஆகாய ராணி' கார்டு. சிறப்பு மாதம் என்பதால் கார்டு அங்கேயே அச்சாகிச் சுடச்சுட வந்தது.

"விமான நிலையத்துல சொகுசு அறையில நீங்க ஓசியிலயே உட்காரலாம், சாப்பிடலாம்," என்றான் தனசேகரன்.

"அந்த ஊருக்குப் போற செலவு?"

"அது உங்களுது."

கார்டை எடுத்துக்கொண்டு நகைக்கடன் கவுண்டருக்குப் போனாள். கவுண்டரில் இருந்தவர் கார்டைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். நேரே மேலாளர் அறைக்கு அழைத்துப் போனார்.

"நீங்க ஆகாய ராணி," என்றார் தெய்வசிகாமணி, நாற்காலியை இழுத்துப் போட்டு. "உங்களுக்குப் போய் நான் எப்படிம்மா நகைக்கடன் தருவேன்?"

"கார்டு வாங்கினாத்தான் தருவேன்னு நீங்கதான சார் பலகை மாட்டி வெச்சிருக்கீங்க?"

"அது சாதாக் கார்டுக்கு. வருஷத்துக்கு அஞ்சு தடவை பறக்கிற ஒருத்தங்க அரைப் பவுன் கம்மலை அடகு வைக்கிறாங்கன்னா, ஒண்ணு கம்மல் மேல சந்தேகம், இல்லன்னா ஆள் மேல சந்தேகம். நான் மேலிடத்துக்கு எழுதணும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அப்போ இந்தக் கார்டே வேணாம் சார். நீங்களே வெச்சுக்கங்க."

"தாராளமா! வேண்டாம்னு சொல்ல உங்களுக்குப் பூரண உரிமை இருக்கு. எந்த விமான நிலையத்துல வேணும்னாலும் நம்ம உதவி மையத்துக்கு நேர்ல போய்ச் சொன்னாப் போதும்."

சின்னதுரை கடைக்கு நடந்தாள். அவன் கார்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். "இன்னாக்கா, ரேஷன் கார்டை மாத்திட்டாங்களா?" கார்டு தேய்க்கும் மிஷின் அவனிடம் இல்லை. எதிரிலிருந்த நகைக்கடையில் இருந்தது. அங்கே குளிர்ந்த காற்றும் குடிக்கக் கலரும் கொடுத்து, "கம்மல் காட்டட்டுங்களாக்கா?" என்று கேட்டார்கள். யாரும் அடகு வாங்காத ஒரு ஜோடிக் கம்மலும், இன்னொரு ஜோடிக் கம்மல் வாங்க மட்டும் உதவும் ஒரு கார்டுமாக பாப்பாத்தி ஊர் திரும்பினாள்.

அன்று சாயங்காலம் மோட்டார் கொட்டகையில் பங்குதாரர்கள் கூடினார்கள். பெரிய பங்காளி ஆதிமூலம் கார்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதுல எவ்ளோ இருக்குது?"

"லச்ச ரூவான்றாங்க மாமா."

"எடுத்தா கொறையுமா?"

"கொறையுமாம். அப்பாலிக்கா ஊறுமாம்."

"எப்படி ஊறும்?"

"எடுத்ததை நாம திருப்பிக் கட்டினா ஊறும்."

"அப்போ மழையும் நாமதான் பெய்யணுமா அண்ணி?" என்றான் இருசப்பன். அவளுக்குக் கொழுந்தன் முறை. கேள்வி நியாயமானதாக இருந்ததால் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

எடுத்தால் குறையும், அப்புறம் ஊறும் என்றால் அது கிணறு. கிணறு என்றால் முறை. கார்டுக்கும் முறை போட்டார்கள். திங்கள் ஆதிமூலம், செவ்வாய் இருசப்பன், புதன் பச்சமுத்து, வியாழன் வேடியப்பன். அவரவர் முறைக்கு ஈடாகப் பாப்பாத்திக்கு மோட்டார் செலவை ரொக்கமாகத் தந்துவிடுவது. வெள்ளிக்கிழமை மோட்டார், சனிக்கிழமை தண்ணீர். ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை.

ஆதிமூலம் சுவர் அளவுக்கு ஒரு டிவி வாங்கினார். இருசப்பன் ஓடுவதற்கென்றே செய்த சிவப்பு ஷூ வாங்கினான். பஸ்ஸுக்குப் பின்னால் தவிர அவன் எங்கும் ஓடியதில்லை.

ஒரே பெண்மணிக்கு இரண்டு நாளில் இத்தனை விதமான தேவைகளா! வங்கி மெய்சிலிர்த்தது. புதன்கிழமையே ஊருக்குள் வேன் வந்து இறங்கியது. தனசேகரன் டேப்பை விரித்தான். அதே கேள்வி, அதே மூன்று கட்டம். பச்சமுத்து கம்மியில் நின்றுகொண்டான். இருசப்பன், "ஆறுலேர்ந்து பத்து போடுங்க சார், நமக்கு இன்னா கொறைச்சல்," என்றான். இருசப்பனுக்கே அப்படி என்றால் ஆதிமூலம் விடுவாரா? "பத்துக்கு மேல." பொழுது சாய்வதற்குள் ஊரில் எல்லார் சட்டைப் பையிலும் கார்டு எட்டிப் பார்த்தது. வெறும் கோல்டு கார்டு வைத்திருந்தவனுக்கு டீக்கடையில் பெஞ்சு ஓரத்தில்தான் இடம். 'மலையடிவாரத்தில் வீடு தவறாமல் விமானப் பயணிகள்: வங்கி பெருமிதம்' என்று மறுநாள் பேப்பரில் போட்டோவோடு வந்தது.

வெள்ளிக்கிழமை பாப்பாத்தி ரொக்கத்தை நீட்டி மோட்டாரை மீட்டாள். சின்னதுரையின் தள்ளுவண்டியில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்தால், அங்கே பங்குதாரர்கள் நான்கு பேரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். கையிலிருந்த ரொக்கம் மோட்டாருக்குப் போய்விட்டதால் யூரியா வாங்க நகையை அடகு வைக்க வந்தவர்கள். அத்தனை பேரையும் மேலாளர் எழுந்து நின்று வணங்கி, வெறுங்கையோடு அனுப்பியிருந்தார்.

"பஸ்ஸு இன்னும் வரலியா மாமா?"

ஆதிமூலம் டைம் கீப்பர் அறையைக் கைகாட்டினார். பாப்பாத்தி அங்கே போய்க் கேட்டாள்.

"அந்த ஊரா?" என்றார் டைம் கீப்பர். "அந்த ரூட்டை இன்னிக்கு மத்தியானத்தோட எடுத்துட்டாங்கம்மா. உங்க ஊர்ல எல்லாரும் பிளேன்ல போறவங்களாமே! பேப்பர்ல பாத்தோம். பறக்கிறவங்களுக்கு எதுக்கு டவுன் பஸ்ஸுன்னு மேல இருந்து உத்தரவு."

ஒரு பஸ் விடச் சொல்லி அந்த ஊர் மனு கொடுத்தது. வர ஒன்பது வருஷம் ஆனது. எடுக்க ஒரு நாள் போதுமானதாக இருந்தது.

"பத்துக்கு மேலன்னு எவன் சொன்னது?" என்றாள் பாப்பாத்தி.

ஆதிமூலம் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

ஆட்டோக்காரன் கேட்டது காயில் கட்டிய கூலியைவிட ஜாஸ்தி. விடிந்தால் அவள் முறை. கிணற்றில் தண்ணீர் இருந்தது. இறைக்க மோட்டார் இங்கே இருந்தது. பாப்பாத்தி கடைவீதியில் ஒரு மூங்கில் கழி கேட்டு வாங்கி வந்தாள். மோட்டாரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, முன்னால் இருசப்பனையும் வேடியப்பனையும், பின்னால் பச்சமுத்துவையும் நிறுத்தினாள். ஆதிமூலத்துக்கு முதுகுவலி. பின்பக்கம் தாழ்ந்தது.

அப்போது டிபன் கேரியரோடு ஒருவர் அவசரமாக வந்து நின்றார். மேலாளர் தெய்வசிகாமணி. அவர் வீடும் அதே ரூட்டில்தான், இரண்டு ஸ்டாப் முன்னால்.

"பஸ் போயிடுச்சாம்மா?"

"ஒரேயடியா போயிடுச்சு சார்," என்றாள் பாப்பாத்தி. "உங்க தேவையை நான் கண்டுபுடிச்சிட்டேன். நீங்களும் நடந்துதான் போவணும். எங்களுக்கும் பின்னால ஒரு தோள் கம்மி. வாங்க."

மேலாளர் சுற்றும் முற்றும் பார்த்தார். டிபன் கேரியரை ஆதிமூலத்திடம் கொடுத்துவிட்டுக் கழிக்குத் தோள் கொடுத்தார்.

டவுன் எல்லையைத் தாண்டி, கரும்புக் காடுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருக்கும்போது மலைக்கு மேலே ஒரு விமானம் மினுக்கிக்கொண்டு போனது. சிவப்பு ஷூ கடித்ததால் அதைக் கழற்றிக் கழுத்தில் மாட்டியிருந்த இருசப்பன் அண்ணாந்து பார்த்தான்.

"நம்ம வண்டி போவுது சார். கையைக் காட்டுங்க, நிறுத்தினாலும் நிறுத்துவான்."

மேலாளர் கழியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தூக்கிக் காட்டினார்.