இருபத்தைந்து கிராம் சமத்துவம்

சக்கரம் வட்டமாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் அரசாங்கத்துக்கும் மக்களுக்கும் நடுவே தகராறு எதுவும் இல்லாமல் இருந்தது. அந்தக் குறையையும் தீர்த்து வைத்தவர் வாகன ஆய்வாளர் நரசிம்மன்.

அன்றைக்கு அவர் முன்னால் நின்றது சபீனா சொந்தமாக ஓட்டும் வேன். திருப்பதியிலிருந்து ஸ்ரீசிட்டிக்குத் தினமும் பதினாறு பேரை வேலைக்கு ஏற்றிப்போகும் வேன். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று திங்கட்கிழமைக்குள் கைக்கு வராவிட்டால் அந்த ரூட் போட்டி வேன்காரர் தனசேகர் வண்டிக்குப் போய்விடும். அதனால் முதல் நாளே ரேணிகுண்டாவில் மெக்கானிக் கங்கையாவிடம் விட்டு, பள்ளத்தில் விழுந்ததிலிருந்து இடது பக்கமே இழுத்துக்கொண்டிருந்த வண்டிக்கு அலைன்மென்ட் பார்த்து, ஒவ்வொரு சக்கரத்தையும் மெஷினில் சுற்றவிட்டு பேலன்சிங்கும் செய்து வைத்திருந்தாள். வண்டி கோடு போட்டதுபோல் நேராக ஓடியது.

அதுதான் சந்தேகத்துக்கு இடமளித்தது. நரசிம்மன் டார்ச் அடித்துக் குனிந்தார். ரிம் ஓரத்தில் சின்னச் சின்ன ஈயத்துண்டுகள்.

"இதென்னம்மா?"

"பேலன்சிங் வெயிட்டு சார்."

"முன்னாடி இடது சக்கரத்துல நாப்பது கிராம், வலதுல பத்து. பின்னாடி ஒண்ணுல முப்பது, இன்னொண்ணுல ஒண்ணுமே இல்ல. இதுக்குப் பேரு பேலன்ஸா?"

"சக்கரத்துக்குச் சக்கரம் மாறும் சார். எங்க எடை கம்மியா கீதோ அங்க, அந்த அளவுக்குத்தான் ஒட்டுவாங்க."

"ஒண்ணுக்கு நாப்பது குடுத்து இன்னொண்ணைப் பட்டினி போட்டா, ஆடிட்ல யாரு பதில் சொல்றது?"

"சக்கரமா சார் மனு குடுக்கப் போவுது?"

"குடுக்காதுன்னு எழுதித் தர்றீங்களா?"

சபீனாவால் எழுதித் தர முடியவில்லை.

மாலையே சுற்றறிக்கை வந்தது. 'சக்கரங்களுக்கிடையே நெடுங்காலமாக நிலவிவரும் எடைப் பாகுபாடு இதன்மூலம் களையப்படுகிறது. இனி எந்த வாகனமானாலும் சக்கரம் ஒன்றுக்கு இருபத்தைந்து கிராம் என நிர்ணயிக்கப்படுகிறது.'

கங்கையா அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஏமிம்மா, நாளைக்கு ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் ஒரே பவர்ல கண்ணாடி குடுப்பாங்களா?" சிரித்து முடித்து ஒட்டவும் ஒட்டினார். வெளியே பதினோரு வண்டிகள் இருபத்தைந்து கிராமுக்காக வரிசையில் நின்றன.

மறுநாள் சோதனை ஓட்டம். வேகம் எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் உதறிய உதறலில் நரசிம்மனின் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது.

"பாத்தீங்களா சார்?" என்றாள் சபீனா.

"பாத்தேன்" என்றவர், கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுதினார்: 'நான்கு சக்கரங்களும் பாரபட்சமின்றி அதிர்கின்றன. தகுதி உண்டு.' ஈயத்துண்டுகளின் மேல் சிவப்பு சீல் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. கைவைத்தால் எஃப்.சி. ரத்து.

முதல் வாரம் பயணிகள் திட்டினார்கள். இரண்டாம் வாரம் டிபன் பாக்ஸை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளப் பழகினார்கள். இரண்டாம் மாதம் நாயுடுபேட்டை ரோடே ஆடியது. ஆடாத வண்டி எஃப்.சி. இல்லாத வண்டி என்று ஊர் தானாகவே முடிவுக்கு வந்தது. சொந்தக் கார்காரர்களும் கடையில் சிவப்பு ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிக்கொண்டார்கள். புதுக் காரை ஷோரூமிலிருந்து நேராகக் கங்கையாவிடம் ஓட்டி வந்த ஒரு குடும்பம், "கொஞ்சம் நல்லாவே ஆடட்டும், கல்யாணத்துக்குப் போறோம்" என்று கேட்டு வாங்கிப் போனது.

ஒருநாள் சபீனா குனிந்து பார்த்தாள். முன் டயர் திட்டுத் திட்டாகத் தேய்ந்து கம்பி தெரிந்தது.

"ரூட்டு போனா போவுது, பதினாறு உசிரு கீது" என்று சீல் ஸ்டிக்கரைக் கிழித்தாள். புது டயர் மாட்டி, ஈயத்தை அளவாக ஒட்டச் சொன்னாள்.

மறுநாள் காலை வேன் ஆடவில்லை. ரேணிகுண்டா வரை பதினாறு பேரும் டிபன் பாக்ஸை இறுக்கிப் பிடித்தபடியே வந்தார்கள். பிறகு முன்சீட்டு வேதா மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, வண்டில இன்னா ரிப்பேரு?"

"ஒரு ரிப்பேரும் இல்லியே."

"அப்போ ஏன் ஆட மாட்டேங்குது?"

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்த பின்சீட்டு அருள்குமார் அலறினான். "சீல் காணோம்! எல்லாரும் எறங்குங்க!"

சபீனா பின்னாலிருந்த பழைய டயரை இழுத்து ரோட்டில் போட்டாள். "இதப் பாருங்க. கம்பி தெரியுது. நேத்து வரைக்கும் இதுமேலதான் எல்லாரும் போய்க்கினு இருந்தீங்க. வெடிச்சிருந்தா?"

பதினாறு பேரும் குனிந்து பார்த்தார்கள். சிலர் விரலால் தொட்டும் பார்த்தார்கள்.

"தேஞ்சிதான்க்கா கீது" என்றான் அருள்குமார். "ஆனா அதுல சீல் இருந்திச்சே!"

அந்த நேரம் பார்த்துத் தனசேகரின் வேன் கடகடவென்று ஆடிக்கொண்டே வந்து நின்றது. ஒருவர் மடியில் ஒருவராகப் பதினாறு பேரும் ஏறினார்கள். கம்பெனி ரூட்டும் அவர்களோடு ஏறிக்கொண்டது.

வேதாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். தலை ஆடியது.

"நல்ல வண்டிக்கா, அநியாயமா கெடுத்து வெச்சிட்ட. நாளைக்காவது ஆட வெச்சி எடுத்துக்கினு வா."