தாம்பூலப் பையில் வேப்பங்கன்று

"மாமா, ப்ளேன்ல செடியெல்லாம் ஏத்த விடமாட்டா. நீங்களே வெச்சுக்கோங்கோ."

கடைசி விருந்தாளியும் கன்றைச் சூர்யநாராயணன் கையிலேயே திணித்துவிட்டுப் போனார். மண்டபத்து நாற்காலிகளில் வேப்பங்கன்றுகள்தான் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதில் கன்று என்பது மகள் அம்ருதாவின் நிபந்தனை.

"சென்னையிலேர்ந்து புனேக்கு அத்தனை பேரும் பறந்து வரா. அந்தப் புகையை யாருப்பா உறிஞ்சறது? ஆளுக்கொரு மரம் வெச்சாதான் கல்யாணம்."

ஒரே பெண். வாக்குக் கொடுத்தாயிற்று. அத்தனையையும் அவளுக்குத் தெரியாமல் தானே நட்டு, முதல் கல்யாண நாளன்று அவளைக் கூட்டிப்போய்க் காட்டிவிடுவது என்று முடிவு செய்தார்.

டெம்போ கரும்புகை கக்கியபடி கன்றுகளை வீடு கொண்டுவந்து சேர்த்தது. பால்கனியில் அடுக்கித் தண்ணீர் ஊற்றினார். அது கீழ்வீட்டு ஜோஷி மாமி காயவைத்திருந்த அப்பளத்தில் சேறாக இறங்கியது. முப்பது வருஷப் புனே வாசத்தில் காதில் விழாத மராத்தி வார்த்தைகள் சிலவற்றை அன்று கற்றுக்கொண்டார்.

மறுபடி டெம்போ. புனே ஓரத்துக் கராடியில் ஒரு காலி மனை. "லாவா காக்கா, லாவா," என்று மராத்தியில் 'நட்டுக்கோங்க மாமா' சொல்லி வாட்ச்மேன் தாராளமாகக் கைகாட்டினார். நட்டார். தண்ணீர்தான் இல்லை. வாராவாரம் டீசல் டேங்கர் வந்தது. ஆடு மேயாமலிருக்க முள்வேலி வந்தது, அதுவும் லாரியில்.

"ஏன்னா, கல்யாணப் புகையை உங்க டேங்கர் புகை தூக்கி சாப்பிட்டுடும் போலிருக்கே," என்றாள் மனைவி ரமா.

அவருக்குச் சுருக்கென்றது. உண்மைதான். விரல் தண்டிச் செடி என்னத்தை உறிஞ்சும்? இருபது வருஷம் மரமாக நின்றால்தான் அம்ருதாவின் கணக்கு நேராகும்.

"நிக்கணும் ரமா. நின்னா போறும்," என்றார். நிற்க வேண்டுமே என்று நிஜமாகவே பயமாக இருந்தது.

நின்றன. ஒரு வருஷத்தில் இடுப்பளவு வளர்ந்து தளதளவென்று ஆடின. கல்யாண நாளுக்கு முதல் நாள், புதுச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை விச்சுவிடமிருந்து போன்.

"மாமா, கராடியில ஃப்ளாட் புக் பண்ணிட்டோம். இன்னும் வெறும் மனைதான். ஆனா யாரோ புண்ணியவான் இடம் முழுக்க வேப்பஞ்செடியா வளர்த்திருக்கார், அந்தப் பச்சையைப் பார்த்துட்டுதான் அம்ருதா இதே இடம்தான் வேணும்னுட்டா. நாளைக்கு எல்லாத்தையும் பிடுங்கிட்டு அஸ்திவாரம் தோண்டறா, பூஜைக்கு வந்துடுங்கோ!"