பத்து நாளைக்கு நாய் சாகக் கூடாது

"இது என்ர வயிறு. இதிலை ஊசி குத்துறதோ விடுறதோ நான்தான் சொல்லவேணும்" என்றார் வாமதேவன், கடிபட்ட காலை டிஸ்பென்சரி வாங்கிலில் நீட்டியபடி.

அங்கே வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி பஸ்ரியாம்பிள்ளை காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். கால் மணி நேரமாகக் கழுவுகிறார். எலும்பு தெரியும்வரை விடமாட்டார் போலிருந்தது.

வாமதேவன் நெடுந்தீவில் ஒரு கூட்டுறவுச் சங்கக் கடைக்கு மனேச்சர். எண்பத்தேழாம் ஆண்டு அது. கரையிலிருந்து சாமான் கொண்டுவரும் லோஞ்சும் ஓடவில்லை, மண்ணெண்ணெயும் வரவில்லை. அன்று காலை கானோடு வந்த எல்லோரையும், மூன்று கிழமையாக வெறுங்கானோடு திரும்பும் டிஸ்பென்சரியில் வேலை செய்யும் இராசமணியையும் சேர்த்து, எண்ணெய் இல்லையென்று அனுப்பிவிட்டு ஓர் அடி பின்னால் வைத்தார். அந்த அடி யாரும் வளர்க்காத ஒரு கட்டாக்காலி நாயின் வாலில் விழுந்தது. நாய் செய்ததில் பிழை சொல்ல முடியாது.

விசர்நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. தமையனுக்கு அதைப் போட்டபோது நாலு பேர் அமத்திப் பிடித்ததை வாமதேவன் கண்ணால் கண்டவர். இனி யார் சொன்னாலும் அவர் மசியமாட்டார். மனைவி மனோகரி அழுது பார்த்தாள். அப்போதிக்கரியும் சண்டைக்கு வருவார் என்றுதான் அவர் நெஞ்சை நிமிர்த்தியிருந்தார். பஸ்ரியாம்பிள்ளையோ தலையாட்டினார்.

"ஓம் அண்ணை, உங்கட வயிறு. உங்கட விருப்பத்துக்கு மாறா நான் குத்த ஏலாது. ஆனா அந்த நாய் பத்து நாளைக்குச் சுகமா உங்கட கண்ணுக்கு முன்னாலை நிக்கவேணும். செத்தாலோ துலைஞ்சாலோ கதை வேற."

வாமதேவன் கருவாட்டைக் காட்டி நாயைப் பிடித்து வந்து முற்றத்துப் பூவரசில் கட்டினார். கட்டினதும் அது சாப்பாட்டை விட்டது. தனக்கு வைத்த புட்டையும் மீன் குழம்பையும் அதன் முன்னால் வைத்துக் கெஞ்சினார். அது மறுபக்கம் பார்த்துப் படுத்தது. விசர் பிடித்தால் முதலில் சாப்பாட்டைத்தான் விடுமாம் என்று குசினிக்குள்ளிருந்து மனோகரி சொன்னாள்.

நாலாம் நாள் பொறுக்கமுடியாமல் கயிற்றை அவிழ்த்தார். நாய் படலைக்குள்ளால் பாய்ந்தது. நொண்டிக்கொண்டு ஓடி, குதிரைகள் மேயும் வெளியில் ஒரு கல்வேலி மூலையில் அதை மடக்கி, போகவிடாமல் கட்டிப்பிடித்தார். அது கையிலும் கடித்தது.

அப்போதிக்கரி கையையும் கால் மணி நேரம் கழுவினார். பிறகு, "இண்டைக்கு முதலாம் நாள்" என்றார்.

இனி வெளியில் வைப்பதில்லை என்று தீர்மானித்து, நாயை மனோகரியின் கட்டிலும் அலுமாரியும் இருந்த அறைக்குள் பூட்டினார். ஊத்தை நாய் தன் அறைக்குள் படுக்கக்கூடாது என்றாள் மனோகரி. சரி, குளிக்கவார்ப்போம் என்று வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். வாளியைக் கண்டதும் நாய் ஊளையிட்டுக்கொண்டு கட்டிலுக்குக் கீழே ஓடியது.

"தண்ணிக்குப் பயம்" என்றாள் மனோகரி மெதுவாக.

அதன் பொருள் இருவருக்கும் தெரியும். வாமதேவனுக்குச் சாகப் பயமாயிருந்தது.

அந்த நேரம் அப்போதிக்கரியின் சைக்கிள் மணி கேட்டது. கரியரில் நீல நிற மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நாயைக் கட்டிய நாள் முதல் அவர் தினமும் வருவார். நோயாளியை விசாரிப்பதில்லை. பெட்டியோடு நேரே நாயிடம் போய், தனியாகச் சோதிக்கவேண்டும் என்று எல்லோரையும் விலக்கிவிடுவார். மணிச் சத்தம் கேட்டதும் நாய் கட்டிலுக்குக் கீழே வாலாட்டத் தொடங்கியது. சோறு போடுகிறவனைப் பார்த்து ஒருநாளாவது ஆட்டியதா என்று வாமதேவனுக்கு எரிச்சலும் வந்தது.

அவர் சேட்டை வயிற்றுக்கு மேலே உயர்த்திக்கொண்டு கதிரையில் இருந்தார். "நீர் வெண்டிட்டீர், பஸ்ரியாம்பிள்ளை. போடும்."

அப்போதிக்கரியின் முகம் வெளிறியது. பெட்டியை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்தார்.

"அவசரப்படாதேங்கோ அண்ணை. குளிக்கப் பயந்ததெல்லாம் விசரில்லை." ஒரு கோப்பையில் தண்ணீர் வாங்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். நாய் சளக் சளக்கென்று நக்கிக் குடித்தது. "பாத்தீங்களே. ஒரு வாளித் தண்ணிக்காக உங்கட தீர்மானத்தை மாத்தலாமோ?"

வாமதேவன் சேட்டை இறக்கினார். தன் சொல்லை இவ்வளவு மதித்த ஒரு உத்தியோகத்தரை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. கண்ணும் கலங்கிவிட்டது.

பத்து நாளும் முடிந்தது. நாய் கொழுத்திருந்தது, வாமதேவன் மெலிந்திருந்தார். அடுத்த நாள் நன்றி சொல்ல நாயையும் கூட்டிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனார். அப்போதிக்கரி வெளியே போயிருந்தார். இராசமணி கிணற்றடியில் நீலப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாய் ஓடிப்போய்ப் பெட்டிக்குள் தலையை விட்டது.

"பாரும் இராசமணி, நான் பிடிவாதமா நிண்டபடியாலை பதினாலு ஊசி மிச்சம். அதை வேற ஆருக்கும் போடலாம்" என்றார் வாமதேவன்.

இராசமணி கையைத் துடைத்தாள். "எந்த ஊசி, மனேச்சர் ஐயா? உங்களை நாய் கடிக்க முந்தியே, மூண்டு கிழமையா நீங்கள் எண்ணெய் இல்லையெண்டு என்னைத் திருப்பிவிட, மண்ணெண்ணெய் பிரிட்ஜ் நிண்டு மருந்தெல்லாம் எப்பவோ பழுதாப் போச்சு. இந்தப் பெட்டியிலை அவர் ஒவ்வொரு நாளும் கொண்டு வந்தது நாய்க்கு எலும்பு."