மடையன் மகள் செய்த மணல் மூளை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடப் படியேறியவள் நான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. ஒரு பெட்டி மணலில் அது கரைந்திருக்க வேண்டியது, கரையவில்லை.

நாகர்கோவிலில் இண்டர்மீடியட் படித்தபோது கல்லூரியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். முதல் பரிசு வாங்கினால், திருவனந்தபுரத்தில் பி.எஸ்ஸி. சேர முதல்வரே சிபாரிசுக் கடிதம் தருவார். வாங்காவிட்டால் வீட்டில் மாப்பிள்ளை தயார். (அவருக்கு மீசை மட்டும் நன்றாக இருந்தது.)

நான் செய்தது செயற்கை மூளை. ஒரு பெட்டியில் மணவாளக்குறிச்சிக் கருமணலைச் சரிவாகப் பரப்பி, அடுத்தடுத்து இரண்டு வாய்க்கால் வெட்டினேன். ஒன்றின் தலைமாட்டில் 'சோறு' என்று எழுதிய செம்பு, மற்றதில் 'மணி'. சோற்று வாய்க்கால் ஒரு மண் நாயின் வாயில் முடியும். அங்கே தண்ணீர் சொட்டினால் எச்சில் ஊறுகிறது என்று பொருள். மணி வாய்க்கால் சும்மா ஒரு வாளிக்குப் போகும். இரண்டையும் சேர்த்துச் சேர்த்து ஊற்றினால் நடுவரப்பு கரைந்துவிடும். பிறகு மணித் தண்ணீரை மட்டும் ஊற்றினாலும் நாய்க்கு எச்சில் ஊறும். நரம்புகள் பழகுவது இப்படித்தான் என்பது என் கட்சி.

வேடிக்கை பார்க்க அப்பாவும் வந்திருந்தார். குளத்து மடையைத் திறந்து அடைப்பது அவர் வேலை. எங்கேயாவது உடைப்பு விழுந்தால் ஊர் வயல் மொத்தமும் போய்விடும்.

"தண்ணீர் வழி தப்பினால் யார் திருத்துவார்?" என்றார் நடுவர், பளபளக்கும் வெள்ளைக் கால்சட்டையில்.

"வெளியிலிருந்து யாரும் கை வைக்கமாட்டார்கள், சார். சேர்ந்து ஓடுகிற தண்ணீரே வழியைப் பழகிக்கொள்ளும்."

ஐந்தாம் முறை ஊற்றினேன். வரப்பு அழகாகக் கரையத் தொடங்கியது.

"ஏட்டி, வரப்பு ஒடையுது! பாத்துட்டு நிக்கியா?"

அப்பா பாய்ந்து வந்து தோள்துண்டை உடைப்பில் திணித்து, இரண்டு கையாலும் மணலை அள்ளி அணைத்தார்.

"அப்பா, அது ஒடையணும்!"

"ஒடையணுமா? ஒனக்குக் கிறுக்கா, மக்கா?"

அடைபட்ட தண்ணீர் பெட்டியைத் தாண்டி, கருமணலோடு நடுவரின் கால்சட்டையில் இறங்கியது. (இறங்கிய இடத்தை எழுதமாட்டேன்.)

"யார் இந்த மடையன்?" என்று கத்தினார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வாய் கூசவில்லை. "எங்க அப்பா, சார். மடை பாக்கிறவர் மடையன்தானே? உடைப்பைக் கண்டதும் அவர் கை யாரையும் கேக்காம ஓடிச்சு, பாத்தீங்களா? பழகின நரம்புன்னா அதுதான். என் மணலைவிட நல்லா செஞ்சு காட்டினார். மார்க்கை அவருக்குப் போடுங்க."

போடவில்லை. பரிசு போயிற்று, கடிதம் போயிற்று. நானே விண்ணப்பம் எழுதினேன். தபால் பெட்டியில் போட்டவர் அப்பா. இடம் கிடைத்தது. மீசை வேறு வீடு பார்த்துக்கொண்டது.

கல்லூரி எனக்கு வைத்த பெயர் 'மடையன் மகள்'. திருவனந்தபுரம் போன என் தகரப்பெட்டியில் அதைத்தான் பெயின்டால் எழுதிக்கொண்டேன், கொட்டை எழுத்தில்.

இன்றும் வீட்டில் யாராவது குடத்தைச் சாய்த்துவிட்டால், அம்மா துணியைத் தேடுவதில்லை.

"முதல்ல அப்பாக்க கையைப் பிடிங்கட்டி!"